தொட்டில் கட்ட ஓர் இடம்

ஓசூர்,
ஆவணி 6

மரியாதைக்குரிய சம்பந்தியம்மாவுக்கு,

மாதம்மாள் எழுதுகிறேன். இந்தப் பக்கம் உடம்புக்கு ஒரு குறையும் இல்லை. உங்கள் முழங்கால் வீக்கம் வடிந்ததா, என் மகள் மேகலாவுக்குச் சாப்பிட்டது வயிற்றில் தங்குகிறதா என்று தெரிந்தால் மனசு ஆறும். நாலாம் மாசம்தான் ரொம்பப் படுத்தும்.

போன் இருக்கும்போது காகிதம் எதற்கு என்று நினைப்பீர்கள். சானமாவில் சிக்னல் வேண்டுமானால் புளியமரம் வரை நடக்க வேண்டும் என்கிறாள் மேகலா. நடந்து வந்தாலும் ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுகிறீர்கள். நான் உங்களைக் கேட்டால் பக்கத்து வீட்டு நஞ்சம்மா பதில் சொல்கிறாள். மாப்பிள்ளை தினமும் கம்பெனிக்கு எங்கள் தெருவைத் தாண்டித்தானே போகிறார். அவர் சாப்பாட்டுப் பையில் போட்டுவிட்டால் சாயங்காலம் உங்கள் கைக்கு வந்துவிடும்.

செவ்வாய்க்கிழமை காலையில் பூமி ஆடியதே, அங்கே எப்படி இருந்தது? நான் கம்பெனி கேண்டீனில் முதல் ஷிப்டுக்கு உப்புமா கிண்டிக்கொண்டிருந்தேன். அடுக்கி வைத்திருந்த டம்ளர்கள் ஒன்றை ஒன்று தொட்டுக்கொண்டு கிணுகிணு என்று பேச ஆரம்பித்தன. அண்டாவில் சாம்பார் வட்டம் வட்டமாக விரிந்தது. மெஷின் ஓடுகிற அதிர்வு என்றார் சூப்பர்வைசர். மெஷினை இன்னும் போடவே இல்லை. பிறகு சைரன் ஊதி எல்லாரையும் கிரவுண்டில் கொண்டுபோய் நிறுத்தினார்கள். அத்தனை பேர் பேச்சில்லாமல் நிற்பதைப் பார்த்தால் தேர் கிளம்புவதற்கு முன்னால் நிற்கிற கூட்டம் மாதிரி இருந்தது.

அன்றிலிருந்து ஒரே கனா. ஊரெல்லாம் ஏரித் தண்ணீர்மேல் மிதக்கிறது. வீடுகள் ஒன்றோடொன்று இடிக்காமல் மெதுவாக நகர்ந்து போகின்றன. வாசலில் நிற்கிற பெண்கள் அடுத்த வாசல் கிட்டே வரும்போது பேசிக்கொள்கிறார்கள், விலகினதும் சும்மா இருக்கிறார்கள். யாருக்கும் பயமில்லை.

உங்கள் கூரைக் கல்லுக்கு நடுவிலிருந்து கொஞ்சம் மண் உதிர்ந்து அடுப்பில் விழுந்ததாக மேகலா சொன்னாள். ஒரு கைப்பிடி இருக்குமாம். கேள்விப்பட்டதைச் சொன்னேன், வேறொன்றும் இல்லை.

ஒரு டார்ச் லைட் கொடுத்தனுப்பியிருக்கிறேன். பிள்ளைத்தாய்ச்சி இருக்கிற வீடு.

இப்படிக்கு,
மாதம்மாள்


சானமாவு,
ஆவணி 13

சம்பந்தி மாதம்மாளுக்கு சென்னம்மா வணக்கம்.

உங்கள் காகிதம் வந்தது. பாதி காகிதமாகவும் பாதி ரசமாகவும் வந்தது. படிக்க முடிந்த பாதிக்குப் பதில் எழுதுகிறேன். என் முழங்கால் வீங்கும், வடியும், அதற்கு அதுதான் வேலை. உங்கள் மகளுக்கு வாந்தி நின்றுவிட்டது. நேற்றுக் களியில் கீரைக் குழம்பு ஊற்றிச் சாப்பிட்டாள். எங்கள் வீட்டுக் கன்னடத்தில் களிக்கு முத்தெ என்று பேர். அவளும் இப்போது அப்படித்தான் கேட்கிறாள்.

பூமி ஆடும்போது நான் பால் கறந்துகொண்டிருந்தேன். மாடு காலை மாற்றி வைத்தது. சொம்பில் பால் மேலே தோல் மாதிரி சுருங்கிச் சுருங்கி விரிந்தது. குவாரியில் வெடி வைக்கிறார்கள் என்று நினைத்தேன். சத்தம் வராததால்தான் இது வேறு என்று தெரிந்தது. ஒரே பக்கமாக ரொம்ப நாள் படுத்திருந்தவள் ஒருமுறை புரண்டு படுத்தாள், அவ்வளவுதான். படுத்திருக்கிறவள் புரளாமல் இருப்பாளா.

மண் உதிர்ந்தது நிஜம். அடுப்பைத் துடைத்துவிட்டோம். இந்தக் கல்லெல்லாம் என் வீட்டுக்காரருடைய தாத்தா மாட்டு வண்டியில் கொண்டுவந்து ஏற்றியது. ஒவ்வொன்றும் ஓர் ஆள் நீளத்துக்கு மேலேயே இருக்கும். வெயிலுக்குக் குளிர்ச்சி, பனிக்குக் கதகதப்பு. ஒரு தடவை ஆண் யானை வந்து சுவரில் முதுகு தேய்த்துவிட்டுப் போனது. நாங்கள் உள்ளே மூச்சுவிடாமல் உட்கார்ந்திருந்தோம். கூரை ஒரு நூல் நகரவில்லை. என் வீட்டுக்காரர் போனபிறகு எனக்கு அரண் என்று இருப்பது இந்தக் கூரை ஒன்றுதான். அப்புறம் என் பையன் திருமலை.

டார்ச் நல்ல வெளிச்சம். எங்களிடம் ஏற்கெனவே மூன்று இருக்கிறது. யானை வருகிற ஊரில் டார்ச் இல்லாத வீடு ஏது.

சென்னம்மா


ஓசூர்,
புரட்டாசி 2

சம்பந்தியம்மாவுக்குக் கும்பிட்டு மாதம்மாள் எழுதுகிறது.

எனக்கு இரண்டு நாள் சளி, மிளகு ரசத்தில் தேவலையாகிவிட்டது. உங்கள் வீட்டு இன்னொரு மாடு கன்று போட்டதாகக் கேள்விப்பட்டேன். சந்தோஷம். மேகலாவைச் சீம்பால் நிறையச் சாப்பிட விடாதீர்கள், அவளுக்குச் சூடு.

கம்பெனியில் பூகம்பத்துக்கென்றே ஒரு கிளாஸ் எடுத்தார்கள். கேண்டீன் ஆட்களையும் உட்கார வைத்தார்கள். ஆட்டம் வந்தால் மேஜைக்குக் கீழே போய் மண்டியிட்டு, தலையை மூடி, மேஜைக் காலைப் பிடித்துக்கொள்ள வேண்டுமாம். பழைய கல் வீடாக இருந்தால் எப்படி என்று நான் கேட்டேன். கிளாஸ் எடுத்த பெண் கொஞ்சம் யோசித்துவிட்டு, "அந்த மாதிரி வீட்டுல மேஜையை நம்பாதீங்கம்மா. கதவுகிட்ட இருந்தா உடனே வெளிய வந்துடுங்க" என்றாள். யார் வீடு என்று கேட்டாள். பொதுவாகக் கேட்டேன் என்று சொல்லிவிட்டேன்.

நீங்கள் தப்பாக எடுத்துக்கொள்ளக் கூடாது. மேகலா படுக்கையை வாசல் பக்கமாகப் போடச் சொல்லுங்கள், அவளுக்குக் காற்று வேண்டும். பரண்மேல் இருக்கிற பித்தளை அண்டாவைக் கீழே இறக்கிவிடுங்கள், தூசி படிகிறது. உங்கள் வீட்டு இரும்புத் தாழ் நல்ல கனம். அதை மாசமாக இருக்கிறவள் தூக்கக் கூடாது என்பதால் சாத்தாமலே இருந்தால் நல்லது. ரேஷன் கார்டு, ஆதார், ஆஸ்பத்திரிச் சீட்டு எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டுக் கதவுக்குப் பக்கத்தில் மாட்டினால் செக்கப்புக்குப் போகும்போது தேட வேண்டாம். கூடவே ஒரு கேன் தண்ணீர், கொஞ்சம் பொரிகடலை.

இத்துடன் ஒரு பெரிய தகரத் தட்டும் கட்டையும் அனுப்பியிருக்கிறேன். ஆட்டம் தெரிந்ததும் யாராவது ஒருவர் இதைத் தட்ட வேண்டும். தட்டினதும் எல்லாரும் உங்கள் முன் வாசலைத் தாண்டி வெட்டவெளிக்கு வந்துவிட வேண்டும். ஒரு தடவை ஒத்திகை பாருங்கள். கம்பெனியிலும் அப்படித்தான் செய்கிறார்கள்.

நேற்றுக் கனாவில் உங்கள் வீடு வந்தது. கூரை இல்லாமல் இருந்தது. மேகலா உள்ளே பூத்தொடுத்துக்கொண்டிருந்தாள். மேலே இருந்து மழை மாதிரி வெளிச்சம் இறங்கியது. கனாதானே.

மாதம்மாள்


சானமாவு,
ஐப்பசி 4

சம்பந்தி மாதம்மாளுக்கு,

நாங்கள் எல்லாரும் நல்லபடி இருக்கிறோம், மாடு கன்று உட்பட. உங்கள் சளி போயிருக்கும் என்று நினைக்கிறேன்.

காற்றுக்காகப் படுக்கையை மாற்றச் சொன்னீர்கள். இந்த ஊரில் காற்றுக்குப் பஞ்சம் என்று இதுவரை யாரும் சொன்னதில்லை. இருந்தாலும் மாற்றிவிட்டோம். அண்டாவையும் இறக்கினோம். அதற்குள் ஒரு பூனை குட்டி போட்டிருந்தது.

ஒத்திகை கதையைக் கேளுங்கள். வெள்ளிக்கிழமை மத்தியானம் திருமலைக்கு லீவு. அவன் தெருக்கோடி மேட்டில் நின்று உங்கள் தட்டைத் தட்டினான். நான் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தேன். மேகலா வாசலில் தலை உலர்த்திக்கொண்டிருந்தாள். அந்தச் சத்தம் காதில் விழுந்ததும் என் கால் அதுபாட்டுக்கு நடந்தது. வாளியைப் போட்டேன். அவள் கையைப் பிடித்து உள்ளே இழுத்தேன். கதவைச் சாத்தித் தாழைப் போட்டேன். அடுப்பில் தண்ணீர் ஊற்றினேன்.

இந்த ஊரில் தகரம் அடித்தால் யானை வந்திருக்கிறது என்று அர்த்தம் சம்பந்தி. ராகி கதிர் வாங்குகிற காலம் வேறு. தெரு முழுக்கப் படார் படாரென்று கதவு சாத்துகிற சத்தம். கோழிகூட உள்ளே வந்துவிட்டது. வெளியே நின்றது என் பையன் ஒருத்தன்தான். "யானை இல்லை, பூகம்பம், வெளிய வாங்க" என்று கத்துகிறான். நஞ்சம்மா ஜன்னல் வழியாக, "பூகம்பமாவது புடலங்காயாவது, உள்ள வாடா எருமை, ஒத்தைக் கொம்பன் மிதிச்சிட்டா உன் மாமியாக்காரி வந்து பதில் சொல்லுவாளா" என்கிறாள். காட்டிலாக்கா ஆள் வண்டியை எடுத்துக்கொண்டு வந்து, யானை எந்தப் பக்கம் போச்சு என்று எல்லாரையும் கேட்கிறான். நாலு பேர் நாலு பக்கம் கை காட்டினார்கள். இரண்டு பேர் கண்ணாலேயே பார்த்தார்களாம்.

உங்கள் மகளுக்குச் சிரித்துச் சிரித்து விக்கல் வந்துவிட்டது.

கதவைச் சாத்தினதும் வீடு சுனை மாதிரி குளிர்ந்துபோனது. ஒரு சத்தமில்லை. மேகலா மல்லாந்து படுத்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். நான் அவள் வயிற்றைப் பார்த்தேன். அப்புறம் மேலே பார்த்தேன்.

வேலை கிடக்கிறது, நிறுத்துகிறேன்.

சென்னம்மா


ஓசூர்,
ஐப்பசி 7

சம்பந்தியம்மா,

உடம்பு எப்படி என்று கேட்டுக்கொண்டு ஆரம்பிக்கத்தான் நினைத்தேன். கை ஓடவில்லை.

ஒத்திகை விஷயத்தை நீங்கள் சிரித்து எழுதியிருக்கிறீர்கள். நானும் சிரித்தேன். பிறகு காய் நறுக்கும்போது கத்தியை வைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டேன். ஆட்டம் நிஜமாக வந்திருந்தால் என் மகளை நீங்களே கையைப் பிடித்து அந்தக் கல்லுக்குக் கீழே கொண்டுபோய்த் தாழ் போட்டிருப்பீர்கள். நல்லெண்ணத்தோடுதான் செய்திருப்பீர்கள்.

பெண்ணைக் கொடுத்தவள் இப்படி எழுதக் கூடாது. எழுதுகிறேன். உங்கள் வீட்டுக் கூரை எனக்குப் பிடிக்கவில்லை. நிச்சயத்துக்கு வந்த அன்றே அண்ணாந்து பார்த்தேன், வாயை மூடிக்கொண்டேன். வளைகாப்பு முடிந்து மேகலா இங்கே வருகிறாள், அது முறை. குழந்தை பிறந்தபிறகு அவளைத் திரும்ப அந்த வீட்டுக்கு அனுப்ப எனக்கு மனசில்லை. மாப்பிள்ளையும் தினமும் காட்டு ரோட்டில் வந்து போகிறார். கம்பெனிக்குப் பக்கத்திலேயே ஒரு வாடகை வீடு பார்த்தால் மூன்று பேரும் கான்கிரீட் வீட்டில் இருக்கலாம். என் தெருவிலேயே ஒன்று காலியாக இருக்கிறது.

பிறக்கப் போகிற குழந்தைக்கு அந்தக் கல்லுக்கு அடியில் தொட்டில் கட்டக் கூடாது. இதைத்தான் இரண்டு மாசமாகக் காற்று, தூசி என்று எழுதிக்கொண்டிருந்தேன்.

மாதம்மாள்


ஓசூர்,
ஐப்பசி 25

சம்பந்தியம்மாவுக்கு,

சுகந்தானே? மாப்பிள்ளை தினமும் பையைத் திறந்து காட்டிவிட்டுப் போகிறார். காலி டிபன் பாக்ஸ்தான் இருக்கிறது. "அம்மா எழுதலையா" என்று கேட்டால், "மாட்டுக்குப் புல்லு அறுக்குறாங்க" என்கிறார். எப்போது கேட்டாலும் புல்லுதான் அறுக்கிறீர்கள்.

நான் எழுதினதில் தப்பு இருந்தால் நேரில் திட்டிவிடுங்கள்.

மாதம்மாள்


சானமாவு,
கார்த்திகை 9

சம்பந்தி மாதம்மாளுக்கு,

நான் நன்றாக இருக்கிறேன். நீங்களும் அப்படியே இருக்க வேண்டும். புல் அறுத்ததும் நிஜம்தான்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை வளைகாப்பு வைத்திருக்கிறோம். காலையில் வந்துவிடுங்கள். ஐந்து வகைச் சோறும் நானே செய்கிறேன், நீங்கள் தூக்கிக்கொண்டு வர வேண்டாம். முடிந்ததும் மேகலாவைக் கூட்டிக்கொண்டு போங்கள். திரும்ப எப்போது அனுப்புவீர்கள் என்று நான் கேட்கப் போவதில்லை.

உங்கள் காகிதத்தைத் திருமலைக்குக் காட்டவில்லை. நீங்கள் கேட்டது உங்கள் மகளை மட்டுமில்லை. யோசித்துப் பார்த்தால் தெரியும். நீங்களும் ஒத்தை ஆள், நானும் ஒத்தை ஆள். அவர்கள் உங்கள் தெருவுக்கு வந்தால் உங்கள் ஒத்தை போய்விடும். அதற்குமேல் எழுதினால் நன்றாக இருக்காது.

தட்டுக்குப் பதிலாக என்ன சத்தம் வைக்கலாம் என்று நாங்கள் உட்கார்ந்து பேசினோம். எல்லாச் சத்தத்துக்கும் இங்கே ஏற்கெனவே ஒரு வேலை இருக்கிறது. சங்கு ஊதினால் சாவு. மணி அடித்தால் கோயில். விசில் அடித்தால் காட்டிலாக்கா. பறை அடித்தால் திருவிழா, இல்லாவிட்டால் யாரோ ஓட்டுக் கேட்டு வருகிறார்கள். மேகலாதான் கடைசியில் கண்டுபிடித்தாள். என்ன சொன்னால் எல்லாரும் கையில் இருக்கிறதைப் போட்டுவிட்டு வெளியே ஓடி வருவார்கள்? பஞ்சாயத்துக் குழாயில் தண்ணீர் விட்டுவிட்டார்கள் என்றால்தான்.

புதன்கிழமை சாயங்காலம் அவளே வாசலில் நின்று, "தண்ணி வந்துடுச்சு" என்று ஒரு குரல் கொடுத்தாள். மாதம்மா, நீங்கள் பார்த்திருக்க வேண்டும். ஒரு வீட்டில் ஒரு ஆள் மிச்சமில்லை. எழுந்து நடக்க மாட்டாள் என்று மருமகள் ஊட்டி விடுகிற மாரம்மா கிழவி இரண்டு குடத்தோடு முதலில் வந்து நின்றாள். எல்லாரும் தெருவுக்கு நடுவில், மஞ்சள் வெயிலில், கலர் கலராகக் குடத்தைப் பிடித்துக்கொண்டு, ஏதோ காப்புக் கட்டி வேண்டுதலுக்கு வந்தவர்கள் மாதிரி. தண்ணீர் இல்லை என்று தெரிந்ததும் திட்டின திட்டு, அதை எழுத முடியாது. ஆனால் வெளியே வந்தார்கள்.

என் வீட்டிலிருந்து நானும் வந்தேன். வாசலில் நின்று திரும்பி என் வீட்டைப் பார்த்தேன். வெளியே நின்று அதைப் பார்க்க எனக்கு இத்தனை வருஷத்தில் நேரமே கிடைத்ததில்லை. சின்ன வீடு.

சென்னம்மா


ஓசூர்,
தை 26

சம்பந்தியம்மாவுக்கு,

தாயும் பிள்ளையும் சுகம். நீங்கள் வந்து பார்த்துவிட்டுப் போனதற்கு இப்போது பேத்தி இன்னும் சிவந்துவிட்டாள். உங்கள் மூக்கு என்று வார்டில் எல்லாரும் சொன்னார்கள், நான் மறுக்கவில்லை. அன்றைக்கு ஒரு வாய் காபி குடிக்காமல் பஸ் வந்துவிட்டது என்று ஓடிவிட்டீர்கள். பஸ் அதற்கப்புறம் ரொம்ப நேரம் நின்றுகொண்டிருந்தது, நான் ஜன்னலில் பார்த்தேன்.

இங்கே எல்லாம் சௌகரியம். கான்கிரீட்டில் ஏற்கெனவே கொக்கி இருந்தது, என் பழைய சேலையில் தொட்டில் கட்டிவிட்டேன். குழந்தை தூங்கும்போது நான் பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன். தொட்டில் நின்றபிறகும் எனக்கு மட்டும் வீடு கொஞ்ச நேரம் ஆடிக்கொண்டே இருக்கும். தலைச்சுற்றல் ஒன்றும் இல்லை. நன்றாகத்தான் இருக்கிறது.

மாப்பிள்ளை கை ஏன் அப்படிக் காய்த்திருக்கிறது? சட்டையெல்லாம் சுண்ணாம்புத் தூசி. கம்பெனியில் வேலை ஜாஸ்தி என்கிறார். அவர் செக்‌ஷனில் சுண்ணாம்பு எங்கிருந்து வந்தது?

மாதம்மாள்


ஓசூர்,
மாசி 17

சம்பந்தியம்மாவுக்கு,

பேத்தி முகம் பார்த்துச் சிரிக்கிறாள். மேகலா நன்றாக இருக்கிறாள், சாப்பாடுதான் இறங்கவில்லை. களி கிண்டிக் கொடுத்தேன். "இது களி, முத்தெ இல்லை" என்று தட்டைத் தள்ளினாள். இரண்டும் ஒன்றுதானே என்றேன். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். ஜன்னலுக்கு வெளியே அடுத்த வீட்டுக் குழாய் மட்டும்தான் தெரியும்.

ஹவுஸ் ஓனர் எங்களுக்கு மேலே இன்னொரு மாடி எழுப்புகிறார். ஏற்கெனவே இரண்டு. தூண் எதுவும் புதிதாகப் போட்டதாகத் தெரியவில்லை. சிமெண்டு மூட்டை ஏறும்போது தொட்டில் கயிறு கொஞ்சம் நடுங்குகிறது.

நேற்று மத்தியானம் ஏதோ தோன்றியது. குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு, ஆட்டம் வந்த மாதிரி வைத்துக்கொண்டு, வாசலுக்கு இறங்கினேன். இறங்கினால் எதிர்வீட்டுச் சுவர் மூக்கில் இடிக்கிறது. அண்ணாந்தால் கரண்டு ஒயர், அதற்குமேல் தண்ணீர்த் தொட்டி, அதற்குமேல் துணி. சந்து முனைக்குப் போனால் வண்டிகள். நானும் குழந்தையை வைத்துக்கொண்டு நடந்துகொண்டே இருந்தேன், எங்கே நிற்பது என்று பார்த்துக்கொண்டே.

"தண்ணி வந்துடுச்சு" என்று கத்தியும் பார்த்தேன். இங்கே எல்லாரும் மோட்டார் வைத்திருக்கிறார்கள். ஒருத்தரும் எட்டிப் பார்க்கவில்லை.

உங்கள் முழங்காலுக்கு ஒரு தைலம் அனுப்பியிருக்கிறேன்.

மாதம்மாள்


சானமாவு,
பங்குனி 3

மாதம்மாளுக்கு,

தைலம் காட்டம். வலி ஓடிவிட்டது, இல்லாவிட்டால் அந்த வாசனைக்குப் பயந்து ஒளிந்திருக்கிறது. பேத்திக்குக் கண்ணேறு கழித்து வையுங்கள்.

திருமலை கையைப் பற்றிக் கேட்டீர்கள். சொல்ல வேண்டாம் என்று நான்தான் சொல்லியிருந்தேன். பாதியில் எனக்கே மனசு மாறிவிட்டால் உங்கள் முன்னால் முழிக்க வேண்டுமே என்றுதான்.

நடு வீட்டுக் கூரையை இறக்கிவிட்டோம்.

நீங்கள் மேகலாவைக் கூட்டிக்கொண்டு போன மறுவாரமே பர்கூர்ப் பக்கம் இருந்து கல் வேலை செய்கிற கரியப்பன் மேஸ்திரியை வரச் சொன்னேன். ராகி அறுப்பு முடியட்டும் என்றான். தை பாதியில் சங்கிலி, கடப்பாரை, நாலு ஆள், கூடத் திருமலை. ஒவ்வொரு கல்லும் அசையும்போது பல் பிடுங்குகிற மாதிரி ஒரு சத்தம். நான் அங்கே நிற்கவில்லை. மாட்டுக் கொட்டிலில் உட்கார்ந்திருந்தேன்.

கல்லை இறக்கி முன் வாசலில் சாய்த்து வைத்திருந்தார்கள். வந்து பார்த்தேன். மேல்பக்கம் சாம்பல் நிறம், அடிப்பக்கம் மை மாதிரி கறுப்பு. என் மாமியார் சமைத்த புகை, நான் சமைத்த புகை, உங்கள் மகள் சமைத்தது மேலாக ஒரு கை. விரலை வைத்தேன், வழுவழு என்று ஒட்டியது. இத்தனை நாள் எங்கள் தலைக்கு மேலே இருந்தது இதுதானா என்று இருந்தது. எல்லாவற்றையும் வாசலுக்கு முன்னால் களமாகப் பாவச் சொல்லிவிட்டேன். வருகிற வருஷம் ராகியை அதில்தான் அடிப்போம்.

புதுக் கூரைக்கு ஷீட்டு வந்து சேரத் தாமதமாகிவிட்டது. அதுவரை நடு வீடு திறந்தே கிடந்தது. திருமலையைத் திட்டிக்கொண்டே இருந்தேன், வெளிக்குத்தான். விடிகிற நேரத்தில் பனி மேலே இருந்து வீட்டுக்குள் இறங்கும். அடுப்பு, உரல், சாமி படம் எல்லாம் மெதுவாக மறையும். நான் அதற்குள் உட்கார்ந்து காபி குடிப்பேன். எங்கே சுவர், எங்கே காடு என்று தெரியாது. ஒரு நாள் மைனா ஒன்று உள்ளே இறங்கி, யார் வீடு என்று கேட்கிற மாதிரி என்னைப் பார்த்தது. இன்னொரு நாள் யானை எங்கேயோ தூரத்தில் கிளை ஒடிக்கிற சத்தம் நேராகத் தலைக்கு மேலிருந்து கேட்டது. கூரை இல்லாமல் யானைச் சத்தம் கேட்கிறோமே என்று பயப்பட வேண்டியது. எனக்குத் தூக்கம்தான் வந்தது.

இப்போது சுவருக்குமேல் சுற்றிலும் கம்பி கட்டிக் கான்கிரீட் பெல்ட் போட்டு, இரும்புச் சட்டத்தின்மேல் ஷீட்டு போட்டாகிவிட்டது. சிவப்பு ஷீட்டு. வெயிலுக்கு அடுப்பு மாதிரிதான் இருக்கப் போகிறது, மேலே தென்னை ஓலை போட்டுக்கொள்ளலாம். மாடு கட்டுகிற பக்கம் இன்னும் கல்தான், அது அடுத்த வருஷம். அதுவரை மாட்டை வெளியே கட்டினால் யானை, உள்ளே கட்டினால் கல். அதை யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

சட்டத்தில் ஒரு வளையம் வைத்துப் பற்ற வைத்திருக்கிறான் மேஸ்திரி. நான் கேட்கவில்லை, அவனாக வைத்தான். இரண்டு கையாலும் பிடித்துத் தொங்கிப் பார்த்தேன். தாங்குகிறது.

சென்னம்மா


ஓசூர்,
பங்குனி 11

சென்னம்மாக்காவுக்கு மாதம்மாள் எழுதுகிறது.

எல்லாரும் சுகம். உங்களைத் தொங்க வேண்டாம் என்று குழந்தை சொல்லச் சொன்னாள்.

காகிதத்தை மேகலாவுக்குப் படித்துக் காட்டினேன். பாதியில் எழுந்து துணி மடிக்க ஆரம்பித்துவிட்டாள். நானும் இரண்டு மடித்தேன்.

வாடகை வீடு வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். மாட்டைப் பற்றி எழுதியிருந்தீர்கள். கம்பெனியில் கிளாஸ் எடுத்த பெண்ணைக் கேட்டுப் பார்க்கலாம் என்று போனேன். மாட்டுக்குப் பாடம் இல்லையாம். நாமாகத்தான் யோசிக்க வேண்டும். இரண்டு பேர் உட்கார்ந்தால் ஏதாவது தோன்றும்.

கேண்டீனில் கான்டிராக்ட் மாறிவிட்டது. புது ஆள் வயசானவர்களை வைத்துக்கொள்வதில்லை. இது போன மாசமே தெரியும், எழுதத் தோன்றவில்லை.

வெள்ளிக்கிழமை காலை முதல் பஸ்ஸில் குழந்தையைக் கூட்டிக்கொண்டு வருகிறோம். ஒத்தைக் கொம்பன் இன்னும் ரோட்டுப் பக்கம்தான் சுற்றுகிறான் என்றார் மாப்பிள்ளை. அவன் நின்றால் பஸ்ஸும் நிற்கும், நாங்களும் உள்ளே உட்கார்ந்திருப்போம், அவன் போனபிறகு வருவோம். சோற்றை வடித்துவிட்டுக் காத்திருக்காதீர்கள்.

ஒரு நாள் இருந்துவிட்டுத் திரும்பிவிடுவேன் என்று மேகலாவிடம் சொல்லியிருக்கிறேன். என் பாயைச் சுருட்டிக் கட்டி வைத்திருக்கிறேன். எடுத்துக்கொண்டு வர பஸ்ஸில் இடம் இருக்குமா என்று மாப்பிள்ளை கேட்டார். இருக்கும் என்றேன்.

மாதம்மாள்